முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்த கமடோர் 64: சுவிட்சைப் போடுவதற்கு முன்

அப்பா பயன்படுத்திய கமடோர் 64 கணினி, அதன் 1541 டிஸ்க் டிரைவ், ஒரு பெட்டி நிறைய பிளாப்பி வட்டுகள் எல்லாம் முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்து இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. இணைத்துச் சுவிட்சைப் போடலாமா, கெப்பாசிட்டர்களை (மின்னேற்றத்தைத் தேக்கும் சிறு பாகங்களை) எல்லாம் மாற்ற வேண்டுமா, மஞ்சளாகிப்போன மேல்மூடியை வெளுக்கலாமா, விற்றால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், சில பிளாப்பிகளின் மேல் அப்பாவின் கையெழுத்தில் "கணக்கு", "கடிதங்கள்", "என் விளையாட்டு" என்று எழுதியிருப்பதாகவும் சொல்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா அந்த வட்டுகளில் விட்டுப்போனது இன்னும் படிக்கக் கிடைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இதனால் வேலையின் வரிசையே மாறிவிடுகிறது. கணினி கெட்டால் அதே போன்ற இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். அந்த வட்டுகளுக்கு இரண்டாவது பிரதி உலகில் எங்கும் இல்லை.

நான் மின்னணுவியல் படித்தவன். பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கமடோர், சின்கிளேர் இயந்திரங்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. காந்தப் பூச்சு உரிந்துபோன வட்டுகளை மீட்பது தனித் திறமை. அதை நான் செய்வதில்லை. பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களுக்குள்ளும் நான் கை விடுவதில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்தக் குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

முதலில் உறுதியான செய்தி: பழைய பவர் சப்ளையை இணைக்காதீர்கள், ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்றுகூட வேண்டாம். 1982-இல் வெளிவந்த இந்தக் கணினிக்கு அதனுடன் வந்த கனத்த பவர் சப்ளைப் பெட்டிதான் முதல் எதிரி. அது இரண்டு விதமான மின்சாரத்தைத் தருகிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். 5 வோல்ட்டை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பல மாதிரிகளில் உள்ளே எபாக்சி பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். அதனால் சூடு வெளியேற வழியில்லை. திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. ஆண்டுக்கணக்கில் வெந்துபோன அந்த ரெகுலேட்டர் கெடும்போது மின்சாரம் நின்றுபோனால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் பல நேரங்களில் அது நேர்மாறாக 5 வோல்ட்டைத் தாண்டி ஏறிவிடுகிறது. அப்படி ஏறினால் முதலில் சாவது ராம் என்னும் தற்காலிக நினைவகச் சிப்கள். கணினிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது 9 வோல்ட் பாதையில் இருக்கிறது. 5 வோல்ட் ஏறும்போது அது ஒன்றும் செய்யாது.

மல்டிமீட்டரில் அளந்து பார்த்தேன், சரியாக 5 வோல்ட் காட்டுகிறது என்று பலர் சொல்வதுண்டு. அளப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி இணைக்கக் கூடாது. கணினி இணைக்கப்படாமல் சும்மா இருக்கும்போது 5 வோல்ட் காட்டுகிற பெட்டி, சுமை ஏறி அரை மணி நேரம் சூடான பிறகு என்ன செய்யும் என்பதை அந்த அளவு சொல்லாது. மேலும், அந்த ஏழு பின் வட்டச் செருகியில் பின் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாகச் சுற்றி வருவதில்லை. 6, 1, 4, 2, 5, 3, 7 என்று குதித்துப் போகும். பின்கள் நீட்டியிருக்கும் ஆண் செருகியைப் பார்க்கிறோமா துளைகள் உள்ள பெண் பக்கத்தைப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்து இடவலமும் மாறும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மீட்டர் முனையைச் செருகாதீர்கள். இந்தக் கணினிக்கென்றே இன்றும் புதிதாகச் செய்து விற்கிற பவர் சப்ளைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்குவதுதான் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும். மின்னழுத்தம் எல்லை மீறினால் துண்டித்துவிடும் சிறு பாதுகாப்புக் கருவிகளும் கிடைக்கின்றன. பழைய பெட்டியை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம். அதன் செருகியில் "இணைக்காதே" என்று ஒரு சீட்டு கட்டிவிடுங்கள்.

வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றும் வேரியாக் கருவியில் வைத்துக் கணினியை "மெல்ல எழுப்பலாம்" என்ற ஆலோசனையும் உங்களுக்கு வரும். பழைய வால்வ் ரேடியோக்களுக்கு அது பொருந்துகிற வழி. இதற்குப் பொருந்தாது. லாஜிக் சிப்களுக்கு அரைகுறை வோல்ட் தருவதில் ஒரு பயனும் இல்லை.

புதிய பவர் சப்ளை வந்த பிறகும் உடனே இணைக்க வேண்டாம். கணினியைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளும் ஓசை கேட்கிறதா? மேல்மூடியைக் கழற்றினால் எலி, பூச்சி, ஈரம், துரு இவற்றின் அடையாளம் தெரியும். ஒரு நல்ல செய்தி: கமடோர் 64-க்குள் பேட்டரி கிடையாது. இதே காலத்துக்குச் சற்றுப் பிந்தைய அமிகா 2000 போன்றவற்றில் போர்டின் மேலேயே நிக்கல் காட்மியம் பேட்டரி உண்டு; அது கசிந்து செம்புத் தடங்களையே தின்றிருக்கும். அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், வேறு எந்த வேலையும் பார்க்கும் முன் அந்த பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பரணில் கிடந்தும் உங்கள் இயந்திரம் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே அதனுள் பேட்டரி இல்லாததுதான்.

முதல் முறை போடும்போது டிரைவ், ஜாய்ஸ்டிக், கார்ட்ரிட்ஜ் எதையும் இணைக்காமல் கணினியையும் திரையையும் மட்டும் இணையுங்கள். இரண்டு மூன்று விநாடிகளில் நீலப் பின்னணியில் இளநீல எழுத்துகளுடன் 38911 பைட் காலியாக இருக்கிறது என்ற வரி வந்தால் மூச்சு விடலாம். ராம், ரோம் என்னும் முக்கிய நிரந்தர நினைவகச் சிப்கள், செயலி, திரைச் சிப் எல்லாம் பெரும்பாலும் உயிருடன் இருக்கின்றன என்று பொருள். வெறும் கறுப்புத் திரை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கறுப்புத் திரைக்கு, எந்தச் சிப் எப்போது இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிஎல்ஏ என்னும் சிப்பும் ராமும் வழக்கமான காரணங்கள், ஆனால் அவை மட்டும்தான் என்று சொல்ல முடியாது. சிப்களை விரலால் தொட்டு, சூடாக இருப்பதே கெட்டது என்று முடிவு கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ராம் சிப்களில் ஒன்று மட்டும் கொதித்தால் அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் பிஎல்ஏவும் திரைச் சிப்பும் நல்ல நிலையிலேயே சூடாகத்தான் இருக்கும். குளிர்ச்சியாக இருக்கிற சிப் நல்லது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதற்கென்றே சோதனைக் கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை எண்ணி எந்த ராம் சிப் கெட்டது என்று அறியலாம். சிப் மாற்ற வேண்டிய நிலை வந்தால், சால்டரிங்கில் கை பழகாமல் அந்த போர்டில் தொடங்காதீர்கள். தரமான போர்டுதான், ஆனாலும் தடம் ஒன்று பெயர்ந்தால் அதைச் சரிசெய்வது சிப்பை மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

இன்னொரு உறுதியான விதி: கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் செருகவோ உருவவோ கூடாது. இன்றைய யுஎஸ்பி பழக்கம் இங்கே ஆபத்து. ஜாய்ஸ்டிக் துளையின் பின்கள் உள்ளே விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும் சிஐஏ சிப்புக்கு நேராகப் போகின்றன. விரலிலிருந்து ஒரு நிலைமின் பொறி பாய்ந்தாலே சிப் போய்விடலாம். விசைப்பலகையும் ஜாய்ஸ்டிக்கும் திடீரென்று வேலை செய்யாமல் போன கமடோர்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் அனுபவம்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்கிறது ஒரு கட்சி. ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே என்கிறது இன்னொன்று. இதில் உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் போர்டின் மேற்பரப்பில் ஒட்டவைக்கப்பட்ட சிறு மின்பகுளிக் கெப்பாசிட்டர்கள் கசிகின்றன. அமிகா 600, அமிகா 1200, அந்தக் கால மெக்கின்டாஷ்கள், கேம் கியர் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி இவற்றில் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 போன்றவற்றின் பவர் சப்ளையில் வீட்டு மின்சாரக் கம்பிகளுக்கு இடையே நேராக அமர்ந்திருக்கும் ரிஃபா என்னும் மஞ்சள் ஒளிபுகு கெப்பாசிட்டர்கள் விரிசல் விட்டு ஈரம் உறிஞ்சி, போட்ட சில நிமிடங்களில் புகை கக்கும். அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். கமடோர் 64 இந்த இரண்டு வகையிலும் சேராது. அதிலுள்ளவை கால்களைத் துளையில் செருகிப் பற்றவைத்த பழைய பாணிக் கெப்பாசிட்டர்கள். நான் பார்த்த வரையில் அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. உப்பலோ கசிவோ திரையில் அலையோ இல்லாவிட்டால் நான் மாற்றமாட்டேன். இது என் தீர்ப்பு. எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மஞ்சள் நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசிப் புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் வெளுக்கிறது, இது உறுதி. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வருவதும் பலர் கண்டதுதான். மஞ்சளுக்கு முழுக் காரணம் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மம் என்ற விளக்கம் பரவலாக இருந்தாலும் அது முடிந்துபோன விவாதம் அல்ல. வெளுத்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பூச்சு சமமாக இல்லாவிட்டால் வெள்ளைக் கீற்றுகள் விழும், அவை போகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும், அந்த மஞ்சளை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன்.

இனி வட்டுகள். இங்கே நிதானம் வேண்டும். முதல் வேலை, ஒவ்வொரு பிளாப்பியையும் உறையோடும் சீட்டோடும் இருபுறமும் படம் பிடித்து எண் கொடுத்து வைப்பது. சீட்டின் பசை காய்ந்திருக்கும், கையோடு வந்துவிடும். அப்பாவின் எழுத்து எந்த வட்டுக்குரியது என்பது பிறகு குழம்பக் கூடாது. அடுத்தது எழுதுதடுப்பு. 5.25 அங்குல வட்டின் ஓரத்தில் ஒரு சதுர வெட்டு இருக்கும். அந்த வெட்டு திறந்திருந்தால் டிரைவ் அதில் எழுத முடியும், மூடியிருந்தால் முடியாது. பின்னால் வந்த 3.5 அங்குல வட்டில் இது தலைகீழ், அதனால் பலர் குழம்புகிறார்கள். 1541 டிரைவ் இந்த வெட்டை ஒளியைக் கொண்டு உணர்கிறது. ஆகவே ஒளி ஊடுருவும் டேப் வேலைக்கு ஆகாது. கறுப்பு அல்லது அலுமினிய டேப்பால் மூடுங்கள். சில வட்டுகளைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்திலும் எழுதுவதற்காக எதிர் ஓரத்திலும் ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். அதையும் மூடிவிடுங்கள். எந்த வட்டையும் டிரைவில் போடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

பிறகு, நல்ல வெளிச்சத்தில் வட்டைக் காகித உறையிலிருந்து எடுத்து, நடுத்துளையில் விரலை வைத்து மெல்லச் சுழற்றியபடி, நீள்வட்டத் திறப்பின் வழியாக உள்ளே தெரியும் பழுப்புப் பரப்பைப் பாருங்கள். ஒரே சீராகப் பளபளத்தால் நல்லது. மங்கலான புள்ளிகள், சாம்பல் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சை. மெல்லிய வட்டக் கோடுகளாக உரசல் இருந்தால் அந்தத் தடத்தில் தகவல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை பிடித்த வட்டை டிரைவில் போட்டால் அந்த அழுக்கு வட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றைச் சுத்தம் செய்வது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகே தொடங்குங்கள். ஒவ்வொரு வட்டு முடிந்ததும் மீண்டும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அந்த வட்டின் பூச்சு உதிர்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிரைவ் சரியாக ஓடுகிறதா என்பதை வெற்று வட்டிலோ, போனால் போகட்டும் என்று விடக்கூடிய வட்டிலோ பார்த்துவிட்டு, "கடிதங்கள்" வட்டைக் கடைசியில் போடுங்கள்.

நகலெடுக்கக் கமடோர் 64 தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் டிரைவின் நிலைமை தெரிந்த பிறகுதான் இது பயன்படும். 1541 டிரைவுக்குள் தனிச் செயலியும் 2 கிலோபைட் ராமும் இருக்கின்றன. அதுவே ஒரு சிறு கணினி. அதை ஜூம்ஃபிளாப்பி என்னும் யுஎஸ்பி இணைப்பான் வழியாக இன்றைய கணினியுடன் நேரடியாக இணைத்து வட்டைப் பிரதி எடுக்கலாம். ஒரு பக்கத்தில் 35 தடங்கள் (தகவல் எழுதப்படும் வட்டங்கள்), அவற்றில் 683 பிரிவுகள் (தடத்தின் துண்டுகள்), மொத்தம் 174848 பைட். இன்றைய ஒரு புகைப்படத்தின் சிறு துண்டு அளவுகூட இல்லை. இன்னொரு வழி, கிரீஸ்வீசில் போன்ற கருவியுடன் பழைய பிசி டிரைவை இணைத்து, காந்தத் திசை மாறும் நேரங்களையே அப்படியே பதிவு செய்வது. இந்த வழியில் பிழையான பகுதிகளையும் பின்னால் உட்கார்ந்து அலசலாம், அதனால் மீட்புக்கு நான் இதையே விரும்புகிறேன். ஆனால் திருப்பிப் போட்டு எழுதிய இரண்டாம் பக்கத்தில், சுழற்சியின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளத் துளை எதிர்ப்புறம் போய்விடுவதால் பல பிசி டிரைவ்கள் தடுமாறும். அந்தப் பக்கங்களுக்கு 1541 வழிதான் எளிது.

முப்பது ஆண்டு கடந்த வட்டுகளில் எத்தனை பிழைக்கும்? எண் சொல்ல எனக்கு மனமில்லை. வறண்ட இடத்தில் நிமிர்ந்து நின்ற வட்டுகளில் பெரும்பாலானவை படிக்கின்றன. ஈரமும் வெப்பமும் மாறி மாறிப் பட்டவற்றைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு டிரைவில் படிக்காத வட்டு இன்னொன்றில் படித்துவிடுவதும் உண்டு, ஏனென்றால் 1541-களில் ஹெட் இடம் பிசகுவது சகஜம். அப்பாவின் டிரைவ் பிசகியிருந்து அந்தப் பிசகோடே எழுதியிருந்தால், அந்த வட்டுகளை நன்றாகப் படிக்கப்போவதும் அதே டிரைவாக இருக்கலாம். ஆகவே யார் சொன்னாலும், நகலெடுத்து முடிக்கும் வரை அதன் ஹெட்டைச் சீரமைக்க விடாதீர்கள்.

பிரதி கிடைத்ததும் அதை இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, வைஸ் என்னும் இலவச எமுலேட்டரில் (இன்றைய கணினியில் கமடோரைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) திறந்து பாருங்கள். அப்பா பேசிக் என்னும் நிரல் மொழியில் எழுதிய விளையாட்டு என்றால், வைஸுடன் வரும் பெட்கேட் என்ற சிறு நிரல் அதை வரிவரியாகப் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்றித் தரும். கடைகளில் விற்ற விளையாட்டுகள் பெட்டியில் இருந்தால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றை ஆர்வலர்கள் ஏற்கெனவே பாதுகாத்துவிட்டார்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, கமடோர் 64 அரிய பொருள் அல்ல. மூன்று கோடி விற்றதாக ஒரு எண் சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். 1 கோடியே 25 லட்சத்துக்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் இடையே என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வரிசை எண்களை ஆராய்ந்தவர்கள் கீழ் எல்லையை ஒட்டியே வருகிறார்கள். அதே நேரம் இது செத்த இயந்திரமும் அல்ல. இன்றும் இதற்குப் புதிய விளையாட்டுகள் எழுதப்படுகின்றன. இதைப் போன்ற இயந்திரங்களில் வளர்ந்த, நிரலால் படமும் இசையும் உருவாக்கிக் காட்டும் டெமோசீன் கலையைப் பின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் தங்கள் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. விற்பதானால் வட்டுகளின் நகல் முடிந்து, உள்ளே இருப்பதை நீங்கள் படித்த பிறகு விற்றுக்கொள்ளுங்கள்.

நகலெடுக்கும்போது பிழை எண்கள் வரும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 23 என்றால் அந்தப் பிரிவைப் படிக்க முடிந்தது, பிழையைக் கண்டறிய எழுதிவைக்கும் கூட்டுத்தொகைதான் ஒத்துப்போகவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எல்லாத் தடங்களிலும் 21 என்று வந்தால் ஹெட் அழுக்காக இருக்கலாம், அல்லது அது கமடோரில் எழுதிய வட்டாக இல்லாமல் இருக்கலாம். 18-ஆம் தடத்தில் பிழை வந்தால் கோப்புகளின் பட்டியல் தெரியாது, வட்டு காலி என்று தோன்றும். பதற வேண்டாம். அந்தத் தடத்தில் பட்டியல் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு பிரிவும் தன் முதல் இரண்டு பைட்டில் அடுத்த பிரிவு எந்தத் தடத்தில், எந்த இடத்தில் என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடிதங்களைக் கையால் மீட்டெடுக்கலாம். அப்படி ஒரு வட்டு வந்தால் தட எண்களையும் பிழை எண்களையும் இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.